கடைத்தொகுதிக்குள் ஆங்கிலத்தில் வழி சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வழி கேட்பவருக்குச் சந்தி, ஒழுங்கை, முடக்கு, கோயில் வீதி, வடக்குப் பக்கம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆஸ்பத்திரி வீதியிலுள்ள கார்கில்ஸ் சதுக்கம் போன்ற பல மாடிக் கடைத்தொகுதியின் உள்ளே சந்தியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. சூரியன் தெரியாத இடத்தில் வடக்கு எது என்று எவருக்கும் தெரியாது. அங்கே வேலைக்குச் சேரும் இளையோர், குறிப்பாக நல்லூர்த் திருவிழாக் காலத்தில், தமிழ் பேசாத பிள்ளைகளோடு வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கு வழி சொல்ல வேண்டியிருக்கும்போது தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

தேவைப்படும் சொற்கள் பெரும்பாலும் சாதாரண தரம் வரை ஆங்கிலம் படித்தவருக்குத் தெரிந்தவையே. தடுமாற்றம் வருவது அவற்றை எந்த ஒழுங்கில் சொல்வது என்பதில்தான். முதலில் மாடி, அடுத்து ஏறும் வழி, பிறகு திருப்பம், கடைசியில் கடையின் அயல் என்ற ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொண்டால் இலக்கணம் சிறிது பிசகினாலும் கேட்டவர் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆங்கிலத் தொடர்களை ஒலிப்புக்கு அண்மையாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் வாசிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

1. வாயைத் திறக்குமுன் கட்டடத்தை நடந்து பாருங்கள்

வேலை தொடங்கும் நாளிலேயே வாசலிலிருந்து மேல்மாடி வரை ஒருமுறை நடந்து, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தாளில் படம் கீறிக்கொள்ளுங்கள். லிஃப்ட், எஸ்கலேட்டர், மலசலகூடம், ஏ.ரி.எம்., வாகனத் தரிப்பிடத்துக்குப் போகும் கதவு, அவசர வெளிவாசல் ஆகிய ஆறும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வருபவர்கள் கடைகளை விட இவற்றையே அதிகம் கேட்கிறார்கள்.

மேலே போகும் எஸ்கலேட்டரும் கீழே வரும் எஸ்கலேட்டரும் அருகருகே இருக்கின்றனவா, வேறு வேறு பக்கங்களில் இருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைக் கவனியாதவர் சொல்லும் வழி மேலே போவதற்குச் சரியாகவும் திரும்பி வருவதற்குப் பிழையாகவும் அமைந்துவிடும்.

அடையாளத்துக்கு அசையாத பொருளையே தெரிவுசெய்யுங்கள். மலிவு விற்பனைப் பதாகையும் தற்காலிகமாகப் போட்ட மேசையும் அடுத்த கிழமை அங்கே இருக்காது. கடைகளின் பெயர்களைப் பலகையில் உள்ளபடியே பழகுங்கள். நாம் உரிமையாளரின் ஊரைச் சொல்லியோ பழைய பெயரைச் சொல்லியோ குறிப்பிடும் கடையை வெளியூரவர் பலகையை வாசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2. கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரே கேள்வி நாலைந்து வடிவங்களில் வரும். “வேர் இஸ் த ஃபுட் கோர்ட்?”, “ஹவ் டு ஐ கெட் டு த ஃபுட் கோர்ட்?”, “ஐம் லுக்கிங் ஃபோர் த ஃபுட் கோர்ட்”, “விச் ஃபுளோர் இஸ் த ஃபுட் கோர்ட் ஒன்?” என்ற நான்குக்கும் மறுமொழி ஒன்றுதான். “இஸ் தெயர் அன் ஏ.ரி.எம். இன் ஹியர்?” என்று கேட்டால் மட்டும் முதலில் “யெஸ், தெயர் இஸ்” என்று சொல்லிவிட்டு வழியைத் தொடங்குங்கள். கேட்டவர் அப்படி ஒன்று இங்கே இருக்கிறதா என்பதையே முதலில் அறிய விரும்புகிறார். அந்த ஆம் வராவிட்டால் பின்னால் வரும் வழியை அவர் முழுக்கவனத்துடன் கேட்கமாட்டார்.

கேட்கப்படும் பொருளின் பெயர் ஆளுக்கு ஆள் மாறும் என்பதைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. நாம் டொய்லட் என்பதைக் கனடாவிலிருந்து வருபவர் “வோஷ்றூம்” என்பார், அமெரிக்காவிலிருந்து வருபவர் “றெஸ்ட்றூம்” என்பார், இலண்டன்காரர் “லூ” என்றும் சொல்லக்கூடும். லிஃப்ட் என்பது வட அமெரிக்காவில் “எலிவேட்டர்”. கார் பார்க் என்பது “பார்க்கிங் லொட்”. ஏ.ரி.எம்.மை இங்கிலாந்தில் “காஷ் மெஷின்” என்றும், மருந்துக்கடையை “கெமிஸ்ட்” என்றும் கேட்பார்கள். அதே மருந்துக்கடை அமெரிக்கரின் வாயில் “ட்ரக்ஸ்டோர்” ஆகிவிடும். குழந்தையைத் தள்ளும் வண்டி கனடாவில் “ஸ்ட்ரோலர்”, இங்கிலாந்தில் “புஷ்செயர்” அல்லது “பகி”.

விளங்காவிட்டால் தலையாட்ட வேண்டாம். “சொரி, குட் யூ சே தட் அகெய்ன்?” என்று கேளுங்கள். பாதி விளங்கினால் “டு யூ மீன் த சினமா?” என்று நீங்கள் ஊகித்ததைச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். அவர் சொன்ன சொல்லையே நீங்களும் திருப்பிப் பயன்படுத்துவது நல்லது. வோஷ்றூம் என்று கேட்டவருக்கு வோஷ்றூம் என்றே மறுமொழி சொன்னால் அவர் மனதுக்குள் மாற்றிப் பார்க்க வேண்டிய வேலை இல்லை.

3. அவர் பார்க்கும் பக்கம் பார்த்து நில்லுங்கள்

நீங்கள் அவரை எதிர்நோக்கி நின்றால் உங்கள் இடது அவருக்கு வலது. அவசரத்தில் தன் கையைப் பார்த்து “லெஃப்ட்” என்று சொல்லி ஆளை எதிர்ப்பக்கம் அனுப்புவது புதியவர்கள் மிக அதிகமாக விடும் பிழை. மனதில் இடம்வலம் மாற்றிக் கணக்குப் பார்ப்பதை விட, அரைச்சுற்றுத் திரும்பி அவருக்குப் பக்கத்தில் நின்று இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது எளிது. பிறகு “யோர் லெஃப்ட்” என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கையைக் காட்டலாம், ஆனால் கையோடு நிறுத்தக்கூடாது. நமது பேச்சில் “உங்காலை போங்கோ” என்று கை நீட்டினால் போதும். அதையே “தட் சைட், தட் சைட்” என்று ஆங்கிலத்தில் சொன்னால், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு அப்பால் எதுவும் விளங்காது. கைக்குப் பிறகு ஒரு பெயர்ப்பொருள் வர வேண்டும்: “தட் வே, டுவர்ட்ஸ் த லிஃப்ட்”. அந்தப் பக்கம், லிஃப்டை நோக்கி.

4. மாடியை முதலில் சொல்லுங்கள்

தமிழில் நாம் அடையாளத்தை முன்னுக்கு வைத்து, “சினிமாவுக்குப் பக்கத்திலை, லிஃப்டாலை போய், மூண்டாம் மாடியிலை” என்று எந்த ஒழுங்கிலும் சொல்லி விளங்கவைப்போம். ஆங்கிலத்தில் கேட்பவர் நீங்கள் சொல்வதை அப்படியே நடந்து பார்ப்பதாக மனதில் ஓட்டிக்கொண்டு கேட்கிறார். மாடி தெரியாமல் அவரால் முதல் அடியைக்கூட வைக்க முடியாது; அதனால் “இற்ஸ் ஒன் த செகண்ட் ஃபுளோர்” என்பதே உங்கள் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். மாடிக்கு “ஒன்” வரும், “இன்” வராது. “இன் த செகண்ட் ஃபுளோர்” என்பது நம்மவர் எல்லோரும் விடும் பிழை.

இதைவிடப் பெரிய சிக்கல் எண்ணுவதில் இருக்கிறது. இலங்கையில் பிரித்தானிய முறைப்படி தரைமட்டத்தில் உள்ளது கிரவுண்ட் ஃபுளோர், அதற்கு மேலே உள்ளது ஃபெர்ஸ்ட் ஃபுளோர். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வருபவர்களுக்கும் கணக்கு இதுதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் தரைமட்டத்தையே முதலாம் மாடி என்று எண்ணுகிறார்கள், நோர்வேயிலும் அப்படியே. ஆகவே ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவருக்கு “செகண்ட் ஃபுளோர்” என்றால் அவர் ஒரு மாடி ஏறி நின்றுவிட்டு, கடையைக் காணவில்லை என்று திரும்பி வருவார். பிழை அவருடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல.

தீர்வு எளிது. மாடியின் பெயரோடு, இங்கிருந்து எத்தனை மாடி ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “இற்ஸ் ஒன் த செகண்ட் ஃபுளோர், டூ ஃபுளோர்ஸ் அப் ஃப்ரொம் ஹியர்”. லிஃப்டில் போகிறவருக்கு “பிரெஸ் டூ” என்று அழுத்த வேண்டிய பொத்தானைச் சொல்லுங்கள். அதே மாடியிலேயே இருந்தால் “இற்ஸ் ஒன் திஸ் ஃபுளோர்”. கீழே என்றால் “வன் ஃபுளோர் டவுன்”.

ஒலிப்பில் ஒரு கவனம் தேவை. ஃபெர்ஸ்ட், ஃபோர்த் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கக்கூடும். சொல்லும்போது விரலாலும் எண்ணிக்கையைக் காட்டுங்கள். மேல்வாய்ப் பல் கீழுதட்டில் படாமல் “புளோர்” என்று சொன்னால் சிலருக்கு உடனே பிடிபடாது.

5. எதில் ஏறுவது

“டேக் த எஸ்கலேட்டர் அப் டு த செகண்ட் ஃபுளோர்.” “டேக் த லிஃப்ட் டு த தேர்ட் ஃபுளோர்.” இரண்டுக்கும் வினைச்சொல் டேக்தான். “கிளைம்ப் த எஸ்கலேட்டர்” என்றால் நின்றுபோன படிகளில் கால்வலிக்க ஏறச் சொல்வதுபோல் இருக்கும். “கோ அப்ஸ்டெயர்ஸ்” சரி. “கோ டு அப்ஸ்டெயர்ஸ்” பிழை.

சொல்வதற்கு முன் ஆளைப் பாருங்கள். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், பெரிய பெட்டி இவற்றில் ஏதாவது இருந்தால் எஸ்கலேட்டரைப் பற்றிப் பேசாமல் நேரே லிஃப்டையே சொல்லுங்கள். மின்வெட்டினால் ஏதாவது நின்றிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: “த எஸ்கலேட்டர் இஸ் நொட் வேர்க்கிங். ப்ளீஸ் டேக் த லிஃப்ட்.”

மேலே போய்ச் சேர்ந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு இணைப்பு வேண்டும். எஸ்கலேட்டருக்கு “வென் யூ கெட் ஒஃப்”, லிஃப்டுக்கு “வென் யூ கம் அவுட் ஒவ் த லிஃப்ட்”. இந்த இணைப்பைச் சொல்லாமல் “டேர்ன் லெஃப்ட்” என்று மட்டும் சொன்னால், ஏறும் முன்பா ஏறிய பின்பா என்று கேட்பவர் குழம்புவார். இரு பக்கமும் கதவு திறக்கும் லிஃப்ட் என்றால் இடம்வலத்தை நம்பவே வேண்டாம். “கோ டுவர்ட்ஸ் த ஃபுட் கோர்ட்” என்று கண்ணில் படும் பொருளைக் காட்டிவிடுங்கள்.

6. நடையும் திருப்பமும்

ஒரு வாக்கியத்துக்கு ஒரு திருப்பம், மொத்தம் மூன்றுக்கு மேல் வேண்டாம். மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் பாதி வழிக்கு அனுப்பி, அங்கே இன்னொருவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: “வென் யூ கெட் தெயர், ஆஸ்க் அட் த கவுண்டர்.”

நேரே போகச் சொல்வதற்கு “கோ ஸ்ட்ரெய்ட்” அல்லது “கோ ஸ்ட்ரெய்ட் அஹெட்”. இதைப் பலர் “கோ ஸ்ட்ரெய்ட் அவே” என்கிறார்கள். அதன் பொருள் உடனே போ என்பது. வாடிக்கையாளரைத் துரத்துவதுபோல் இருக்கும்.

ஒரு பொருளைத் தாண்டிப் போவதற்கு “கோ பாஸ்ட் த லிஃப்ட்”. ஒரு இடத்தின் நடுவே புகுந்து போவதற்கு “கோ த்ரூ த ஃபுட் கோர்ட்”. உணவு மேசைகளுக்கு நடுவே போவதை “க்ரொஸ்” என்று சொல்வது வீதியைக் கடக்கும் பழக்கத்திலிருந்து வந்தது; விளங்கும், ஆனாலும் த்ரூவே பொருத்தம். கடைசி வரை போவதற்கு “கோ டு தி எண்ட்”. நாம் முடக்கு என்பதற்கு “கோர்னர்”: “இற்ஸ் அரவுண்ட் த கோர்னர்” என்றால் முடக்கில் திரும்பியவுடன் என்று பொருள்.

தூரத்தை மீற்றரில் சொல்வதில் பயனில்லை. கடைகளை எண்ணிச் சொல்லுங்கள், எங்கிருந்து எண்ணுவது என்பதையும் சேருங்கள்: “இற்ஸ் த தேர்ட் ஷொப் ஒன் த லெஃப்ட், ஆஃப்டர் த லிஃப்ட்”. “தேர்ட் ஷொப்” என்று மட்டும் சொன்னால் எந்தப் பக்கத்தில், எதிலிருந்து என்ற இரு கேள்விகள் மிஞ்சும்.

7. கடை சரியாக எங்கே இருக்கிறது

பக்கத்தில் என்பதற்கு “நெக்ஸ்ட் டு த பாங்க்”. இடையில் என்பதற்கு “பிட்வீன் த பாங்க் அண்ட் த புக் ஷொப்”. இவற்றில் எவரும் அதிகம் தடுக்கி விழுவதில்லை.

தடுக்கி விழுவது “முன்னால்” என்பதில். பாதைக்கு அந்தப் பக்கம் முகம்பார்த்தபடி இருக்கும் கடையைத் தமிழில் எதிரே என்றும் சொல்கிறோம், முன்னால் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது “ஒப்பசிட் த பாங்க்”. வட அமெரிக்கர் “அக்ரொஸ் ஃப்ரொம் த பாங்க்” என்பார். “இன் ஃப்ரன்ட் ஒவ் த பாங்க்” என்றால் வங்கியின் வாசலோடு ஒட்டினாற்போல், பாதையின் அதே பக்கத்தில் என்று பொருள். ஏ.ரி.எம். வாசலில் நிற்கிறது என்றால் இன் ஃப்ரன்ட் ஒவ். எதிர்வரிசையில் உள்ள உடுப்புக்கடை என்றால் ஒப்பசிட். இரண்டையும் மாற்றிச் சொன்னால் கேட்டவர் வங்கி வாசலில் நின்று தேடிக்கொண்டிருப்பார், கடையோ அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒப்பசிட்டுக்குப் பிறகு “டு” சேர்க்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்னால் என்பதற்கு “பிஹைண்ட்” என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். “பாக் சைட்” என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வது வெளிநாட்டவரின் காதில் ஆளின் பின்புறத்தைக் குறிக்கும் சொல்லாக விழும். பதின்ம வயதுப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பக்கத்தைச் சொல்லும்போது “ஒன் யோர் லெஃப்ட்”, “ஒன் யோர் றைட்”. இங்கேயும் “இன்” வராது.

8. தாண்டிவிட்டால் தெரிய ஓர் அடையாளம்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்; எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. “இஃப் யூ ரீச் த சினமா, யூவ் கோன் டூ ஃபார்.” சினிமாவரை வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியம் இருந்தால், முன்னே சொன்னதில் ஏதாவது பிசகியிருந்தாலும் அவர் தாமாகவே திரும்பி வந்து கண்டுபிடிப்பார்.

பிறகு சுருக்கத்தை நீங்களே ஒருமுறை சொல்லுங்கள்: “ஸோ, செகண்ட் ஃபுளோர், டேர்ன் லெஃப்ட், நெக்ஸ்ட் டு த பாங்க்.” அவர் அதைத் திருப்பிச் சொன்னால் கவனமாகக் கேளுங்கள். பிழையாகச் சொன்னால் “நோ, நோ” என்று மறிக்காமல் “ஓல்மோஸ்ட், இற்ஸ் லெஃப்ட், நொட் றைட்” என்று திருத்துங்கள்.

9. மரியாதை எங்கே இருக்கிறது

போங்கோ, திரும்புங்கோ என்று பேசிப் பழகிய வாய்க்கு “கோ”, “டேர்ன்” என்று வெறுமனே சொல்வது மட்டுமரியாதைக் குறைவாகத் தோன்றும். அதனால் புதியவர்கள் “ப்ளீஸ் கோ, ப்ளீஸ் டேர்ன், ப்ளீஸ் டேக்” என்று ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ப்ளீஸ் வைக்கிறார்கள். வழி சொல்லும்போது ஆங்கிலத்தில் வெறும் வினை மரியாதைக் குறைவு அல்ல. மரியாதை குரலிலும் முகத்திலும், கடைசியில் சொல்லும் “யூ ஆர் வெல்கம்” என்பதிலும் வந்துவிடும். இன்னும் மென்மையாக வேண்டுமானால் “யூவில் சீ இட் ஒன் யோர் லெஃப்ட்” என்று, கட்டளையாக இல்லாமல் நடக்கப்போவதைச் சொல்வதாக அமைக்கலாம்.

அக்கா, அன்ரி, அங்கிள் என்று முறைசொல்லி அழைப்பதைத் தமிழில் பேசுபவரோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பேசுபவருக்குத் தொடக்கத்தில் ஒரு “மடம்” அல்லது “சேர்” போதும்.

10. தெரியாவிட்டால்

தெரியாத வழியை ஊகித்துச் சொல்லாதீர்கள். “ஐம் நொட் ஷுவர். லெட் மி ஆஸ்க்.” அல்லது “ப்ளீஸ் ஆஸ்க் அட் தி இன்ஃபர்மேஷன் கவுண்டர்.” கடை மூடியிருந்தால் “ஐம் அஃப்ரெய்ட் இற்ஸ் க்ளோஸ்ட் டுடே”, இங்கே அஃப்ரெய்ட் என்பது பயத்தை அல்ல, வருத்தத்தைக் குறிக்கிறது. முதியவர், தனியாக நிற்கும் குழந்தை, உடல்நலம் குன்றியவர் என்றால் வழி சொல்லிக்கொண்டிருக்காமல் “ஐல் டேக் யூ தெயர்” என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

11. ஒரு முழு உரையாடல்

கற்பனையான ஒரு கடைத்தொகுதியின் தரைமாடி வாசல். குழந்தை வண்டியோடு ஒரு தாய் காவலாளியிடம் கேட்கிறார்.

“எக்ஸ்கியூஸ் மி, இஸ் தெயர் எ வோஷ்றூம் இன் ஹியர்?”

“யெஸ் மடம், தெயர் இஸ். இற்ஸ் ஒன் த ஃபெர்ஸ்ட் ஃபுளோர், வன் ஃபுளோர் அப் ஃப்ரொம் ஹியர். டேக் த லிஃப்ட், ஓவர் தெயர், அண்ட் பிரெஸ் வன். வென் யூ கம் அவுட், டேர்ன் றைட். கோ பாஸ்ட் த ஷூ ஷொப். த வோஷ்றூம் இஸ் ஒன் யோர் லெஃப்ட், ஒப்பசிட் த ஃபார்மஸி. இஃப் யூ ரீச் த ஃபுட் கோர்ட், யூவ் கோன் டூ ஃபார்.”

“ஸோ, லிஃப்ட், றைட், ஒப்பசிட் த ஃபார்மஸி?”

“தட்ஸ் றைட், மடம்.”

காவலாளி எஸ்கலேட்டரைக் குறிப்பிடவே இல்லை என்பதையும், அவர் கேட்ட வோஷ்றூம் என்ற சொல்லையே திருப்பிச் சொன்னார் என்பதையும், மாடியை இரு முறையில் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். கடைசி வரியில் வரும் றைட் என்பது வலது அல்ல, சரி என்பது. திசை சொல்லிக்கொண்டிருக்கும் நடுவில் இது குழப்பும் என்று தோன்றினால் “யெஸ், கரெக்ட்” என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

12. பழகும் முறை

இருவர் சேர்ந்து பழகுங்கள். ஒருவர் வழி சொல்ல, மற்றவர் கட்டடத்தின் வெறும் படத்தில் பென்சிலால் தான் கேட்டபடி கோடு கீற வேண்டும். சொல்பவர் அந்தத் தாளைப் பார்க்கக்கூடாது. கோடு பிழையான கடையில் போய் நின்றால், எந்த வாக்கியத்தில் பிரிந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது ஏறிய பின் வரும் முதல் திருப்பமாகவோ, ஒப்பசிட்டாகவோ இருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்தி, அதே வழியை மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்.

கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பார்ப்பது அடுத்த கட்டம். கை அசையாதபோது “தட் சைட்” என்ற சொல் உதவாது என்பதால், வாய் தானாகவே பெயர்ப்பொருளைத் தேடத் தொடங்கும். வாசலிலிருந்து அதிகம் கேட்கப்படும் ஆறு இடங்களுக்கும் இப்படிச் சொல்ல வந்துவிட்டால், பிறகு இரண்டாம் மாடியில் நின்றுகொண்டு அதே ஆறுக்கும் சொல்லிப் பாருங்கள். அங்கே மேலே, கீழே, இடம், வலம் எல்லாம் மாறியிருக்கும்.